பழைய பீரோ, கட்டில், டிரெஸ்ஸிங் டேபிள்: குறைந்த செலவில் வீட்டிலேயே பெயிண்ட் அடிக்க முழு வழிகாட்டி

படுக்கையறைச் சாமான்களுக்குப் பெயிண்ட் அடிக்கலாம் என்று முடிவானதும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "என்ன கலர்?" என்பதுதான். கலரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இரும்புக்கு ஒரு வழி, சன்மைகாவுக்கு ஒரு வழி, மரத்துக்கு வேறு வழி. வாசல் கதவுக்கு அடித்த பெயிண்ட் மிச்சம் இருக்கிறதே என்று அதையே நேராக டிரெஸ்ஸிங் டேபிள் மேல் பூசினால், கொஞ்ச நாளில் நகம் பட்டாலே தோல் தோலாக உரிந்து வரும். பெயிண்ட் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவோம். அவர் மேல் தப்பே இருக்காது.

நம் வீடுகளில் சாதாரணமாக ஒரு படுக்கையறையில் இருப்பவை மூன்று: ஒரு இரும்பு பீரோ, ஒரு மரக் கட்டில், சன்மைகா ஒட்டிய டிரெஸ்ஸிங் டேபிள் அல்லது அலமாரி. இந்த மூன்றையும் வைத்தே சொல்கிறேன். பீரோவுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன், காரணம் இருக்கிறது. முதல் முறையாகப் பிரஷ் பிடிப்பவருக்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது. தட்டையான தகடு, எனாமல் (மரத்துக்கும் இரும்புக்கும் அடிக்கும் பெயிண்ட்) நன்றாகப் பிடிக்கும், ஒரு லிட்டருக்குள் வேலை முடிந்துவிடும். அதில் கை பழகிய பிறகு மற்றவற்றுக்குப் போங்கள்.

எதற்கு அடிக்கக் கூடாது

தாத்தா காலத்துத் தேக்குக் கட்டில், ஈட்டி மர மேசை போன்றவற்றுக்குத் தயவுசெய்து எனாமல் அடிக்காதீர்கள். பாலிஷ் மங்கியிருந்தால் பாலிஷ் போடுங்கள். மரத்தின் ரேகைக்குள் இறங்கிய பெயிண்டைப் பின்னால் எடுப்பது பெரும் பாடு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழம்பொருள் கடைகளை ஒரு முறை சுற்றிப் பார்த்தால், நல்ல மரத்தில் செய்த பழைய சாமான் எப்படி மதிக்கப்படுகிறது என்று புரியும். ஏற்கெனவே யாரோ பெயிண்ட் அடித்து வைத்த தேக்கு என்றால் அது வேறு கதை.

ரப்பர் மரம், மாமரம், என்ன மரம் என்றே தெரியாத கலப்பு மரம், பிளைவுட், இரும்பு ஆகியவற்றுக்குத் தாராளமாக அடிக்கலாம்.

பார்ட்டிகிள் போர்டு சாமானில் அடிப்பக்கம் தண்ணீர் பட்டு உப்பியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். உப்பிய பார்ட்டிகிள் போர்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எந்தப் பெயிண்டாலும் முடியாது. கட்டிலுக்கு அடியில் மாவு மாதிரி தூள் கொட்டிக் கிடந்தால் மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கரையான் மருந்தை ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து ஓட்டை ஓட்டையாகச் செலுத்தி, சில வாரம் பொறுத்து, மறுபடி தூள் கொட்டவில்லை என்று தெரிந்த பிறகுதான் பெயிண்ட் வேலை. மூட்டைப்பூச்சி இருக்கும் கட்டிலுக்கும் இதே கதைதான். பூச்சியை ஒழித்த பிறகு இணைப்பு இடுக்குகளைப் பட்டி (ஓட்டை, பள்ளம் அடைக்கும் பசை) வைத்து அடைத்துவிட்டால், அது திரும்பி வந்து ஒளிய இடம் குறையும்.

எந்த மாதம், எந்த இடம்

எனாமல் காய வறண்ட காற்று வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இந்த வேலையைத் தொடங்கினால், நாலு மணி நேரத்தில் காய வேண்டிய பெயிண்ட் மறுநாளும் பிசுபிசுக்கும். ஆடி மாதம் மழை இல்லையே என்று மொட்டை மாடியில் வைத்து அடித்தால், ஆடிக்காற்று அள்ளி வரும் தூசி முழுவதும் ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம். போகிக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் உள்ளவர்கள், சுவர் வேலை முடிந்த கையோடு சாமான்களையும் எடுத்துக்கொள்ளலாம்.

சித்திரை வெயிலில் வேலை செய்யலாம், ஆனால் வெயில் நேராகப் படக் கூடாது. சூடேறிய தகட்டில் பிரஷ் வைத்ததும் பெயிண்ட் இழுபட்டு, கோடு கோடாக நின்றுவிடும். நிழல் விழும் வராண்டா, கார் நிறுத்தும் இடம், ஜன்னல்கள் திறந்த கூடம் எதுவும் சரிதான். படுக்கையறைக்குள்ளேயேதான் அடிக்க வேண்டும் என்றால், அன்றிலிருந்து மூன்று நான்கு நாள் அந்த அறையில் யாரும் படுக்காதபடி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் எண்ணெய் எனாமலைத் தவிர்த்து வாட்டர் பேஸ்டு (தண்ணீர் கலந்து அடிக்கும்) எனாமல் வாங்குவது நல்லது.

கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கு

ஒரு லிட்டர் எனாமல், ஒரு கோட்டுக்கு (ஒரு தடவைப் பூச்சுக்கு) சுமார் 100 சதுர அடி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறரை அடி உயரம், மூன்று அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் உள்ள பீரோவின் முன்பக்கம் 19.5 சதுர அடி. இரண்டு பக்கவாட்டுகளும் சேர்ந்து இன்னொரு 19.5. மேல்தகடு 4.5. மொத்தம் 43.5 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு 87. ஆக ஒரு லிட்டர் போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். சுவரை ஒட்டி நிற்கும் பின்பக்கத்துக்குத் துரு பிடித்த இடத்தில் மட்டும் பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தால் போதும். பீரோவின் உள்பக்கத்துக்கு அடிக்கவே வேண்டாம். செலவும் மிச்சம், துணிகளில் பெயிண்ட் வாடையும் ஏறாது. தட்டுகளில் நல்ல காகிதம் விரித்துவிடுங்கள்.

எனாமல் 50, 100, 200, 500 மில்லி டப்பாக்களிலும் கிடைக்கும். ரெடிமேட் ஷேடுகளில்தான் இந்தச் சௌகரியம். மெஷினில் கலந்து தரும் ஷேடுகளைப் பெரும்பாலான கடைகளில் ஒரு லிட்டருக்குக் குறைந்து தர மாட்டார்கள். சின்ன ஸ்டூலுக்கோ சைடு டேபிளுக்கோ ஒரு லிட்டர் வாங்குவது வீண். ஸ்மோக் கிரே, ஐவரி, ஆக்ஸ்ஃபோர்டு புளூ, பஸ் கிரீன், பிரோசி, கோல்டன் பிரவுன் எல்லாம் ரெடிமேடிலேயே உண்டு. வெள்ளையோடு பஸ் கிரீனைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால் இளம் பச்சை உங்கள் விருப்பப்படி வரும். ஒரே கம்பெனியின் ஒரே வகை எனாமலாக இருக்க வேண்டும், வேலைக்குத் தேவையான அளவு முழுவதையும் ஒரே தடவையில் கலந்துவிட வேண்டும். பாதியில் தீர்ந்தால் அதே நிறம் திரும்ப வராது.

வெள்ளை விரும்பிகளுக்கு ஒரு எச்சரிக்கை. எண்ணெய் எனாமலின் வெள்ளை, வெளிச்சம் படாத இடத்தில் நாளாக ஆக மஞ்சளாகும். படுக்கையறை பெரும்பாலும் திரை போட்டு இருட்டாக இருக்கும் அறை. சுத்தமான வெள்ளைதான் வேண்டும் என்றால் வாட்டர் பேஸ்டு எனாமலுக்குப் போங்கள். இல்லாவிட்டால் முதலிலேயே ஐவரி அடித்துவிட்டால் மஞ்சளாவது கண்ணுக்குத் தெரியாது.

பளபளப்பு விஷயத்தில் என் ஓட்டு, மிதமாக மினுமினுக்கும் சாட்டின் வகைக்கு. பளிச்சென்ற கிளாஸ் (gloss) வகையில் டியூப் லைட் வெளிச்சம் பட்டு ஒவ்வொரு நெளிவையும் காட்டிக்கொடுக்கும். பழைய தகட்டில் நெளிவுக்கா பஞ்சம்?

இரும்பு பீரோவுக்கு வாங்க வேண்டியவை: ஒரு லிட்டர் எனாமல், கால் அல்லது அரை லிட்டர் மெட்டல் பிரைமர், அரை லிட்டர் டர்பன்டைன், இரண்டு அங்குலப் பிரஷ் ஒன்று, நான்கு அங்குல ஃபோம் ரோலர் ஒன்று, 80, 180, 320 எண் உப்புத்தாள்கள் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்), கம்பி பிரஷ், மாஸ்கிங் டேப், முகக்கவசம், கையுறை. இதற்கு 1,500 ரூபாய்க்குள் அடங்கப் பாருங்கள். எதில் மிச்சம் பிடித்தாலும் பிரஷ்ஷில் பிடிக்காதீர்கள். மலிவுப் பிரஷ் முடி கொட்டும். ஒவ்வொரு முடியையும் ஈரப் பெயிண்டிலிருந்து நகத்தால் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

முதல் வேலை: கழுவுவது

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். பீரோக் கண்ணாடியிலும் கதவிலும் வருடக்கணக்கில் ஒட்டி எடுத்த ஸ்டிக்கர் பொட்டுகளின் பசை இருக்கும். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வைத்த சந்தனமும் குங்குமமும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். கைப்பிடியைச் சுற்றிக் கை அழுக்கு. கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் தலை சாயும் உயரத்தில் தேங்காய் எண்ணெய் ஊறிக் கறுத்த ஒரு பட்டை. டிரெஸ்ஸிங் டேபிளில் பவுடரும் ஹேர் ஆயிலும். இவற்றின் மேல் பெயிண்ட் பிடிக்காது. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் பெயிண்ட் விலகி வட்ட வட்டமாகக் குழி விழும்.

பொட்டுப் பசையைத் துளி தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய ஏ.டி.எம். கார்டால் சுரண்டினால் வந்துவிடும். பிறகு பாத்திரம் தேய்க்கும் திரவமோ சலவைச் சோடாவோ கலந்த வெந்நீரில் முழுச் சாமானையும் துடைத்து, நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடைத்தெடுங்கள். சோப்பு தங்கினாலும் பெயிண்ட் பிடிக்காது. காய்ந்ததும் டர்பன்டைனில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. துணியை அடிக்கடி மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரு இடத்து எண்ணெயை எல்லா இடத்துக்கும் பரப்பிய கதையாகிவிடும்.

சுத்தமாகிவிட்டதா என்று இரும்பிலும் சன்மைகாவிலும் சோதிக்க எளிய வழி உண்டு. கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். ஒரே படலமாகப் பரவி நின்றால் சரி. முத்து முத்தாகத் திரண்டு நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, மறுபடி கழுவ வேண்டியதுதான்.

இரும்பு பீரோ

முழுவதும் காலி செய்யுங்கள். லாக்கரில் இருப்பதை முதலில் எடுங்கள், பட்டுப் புடவைகளை வேறு அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். சுவரிலிருந்து இரண்டு பேராக நகர்த்தி, நான்கு பக்கமும் கை போகும்படி நிறுத்துங்கள். கைப்பிடி கழலும் என்றால் கழற்றுங்கள். கண்ணாடியின் ஓரம், சாவித்துளை, பூட்டு, கீல் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். சாவித்துளைக்குள் பெயிண்ட் இறங்கினால் பூட்டுக்காரருக்குத் தனிச் செலவு.

அடுத்தது துரு. பீரோவில் துரு பெரும்பாலும் கீழிருந்துதான் ஏறும். தினமும் வீடு துடைக்கும் ஈரம் கால்களிலும் அடித்தகட்டின் மடிப்பிலும் தேங்கும். கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். பெயிண்ட் கொப்பளித்திருக்கும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் அழுத்தித் தேயுங்கள். வெளியே சின்னக் கொப்புளமாகத் தெரிவது உள்ளே ரூபாய் நாணயம் அளவு பரவியிருக்கும். 80 எண் உப்புத்தாள் போட்டு, பளபளக்கும் இரும்பு தெரியும் வரை தேய்த்து, அதைச் சுற்றியுள்ள பழைய பெயிண்டின் விளிம்பை 180-ஆல் சரிவாக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் மேடு தட்டக் கூடாது. தட்டினால் பெயிண்ட் அடித்த பிறகும் அந்த வரைபடம் அப்படியே தெரியும்.

நன்றாக ஒட்டியிருக்கும் பழைய பெயிண்டைச் சுரண்டி எடுக்க வேண்டாம். 180 அல்லது 220 எண் தாளால் பளபளப்பு போகும் அளவுக்குத் தேய்த்தால் போதும். மொத்தமும் மங்கலாக, ஒரே மாதிரி சாம்பல் பூத்தது போல் தெரிய வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.-ஐ (பத்து லட்சம் பங்கில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. குழந்தைகளுக்கு அது கெடுதல். அதனால் பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். வாட்டர் பேப்பர் வாங்கி, தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேயுங்கள். கீழே பழைய செய்தித்தாள் விரித்து, வழியும் சேற்றை ஈரத்துணியால் துடைத்து, இரண்டையும் சேர்த்துக் கட்டிக் குப்பையில் போடுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வர வேண்டாம். துடைப்பத்தால் பெருக்கவும் வேண்டாம், துடையுங்கள்.

தண்ணீர் பட்ட வெற்று இரும்பு சீக்கிரமே மறுபடி துருவேறத் தொடங்கும். உடனே துடைத்து, ஃபேன் போட்டோ வெயிலில் காட்டியோ காயவைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பது இந்த ஒரு கட்டத்தில் கூடாது.

இரும்புக்கு வழக்கமான பிரைமர் ரெட் ஆக்சைடு. மலிவு, எங்கும் கிடைக்கும், வேலையும் செய்யும். ஆனால் அதன் செங்காவி நிறம் இளம் நிறங்களுக்கு அடியில் எட்டிப் பார்க்கும், மறைக்க ஒரு கோட் கூடுதலாகும். ஐவரியோ இளநீலமோ அடிக்கப் போகிறீர்கள் என்றால் சாம்பல் அல்லது வெள்ளை மெட்டல் பிரைமர் கேட்டு வாங்குங்கள். வெற்று இரும்பு தெரியும் இடங்களில் மட்டும் பிரைமர் போதும். பழைய பெயிண்ட் திடமாக இருக்கும் இடத்தில் தேவையில்லை. நிறைய பிரைமர் மிச்சமாவது இங்கேதான். ஒரு நாள் முழுதாகக் காயவிடுங்கள்.

தகடு நெளிந்திருந்தால் கார் பெயிண்ட் கடைகளில் கிடைக்கும் ஹார்டனர் கலந்து போடும் பட்டியை வாங்கலாம். கலந்த கால் மணி நேரத்துக்குள் இறுகத் தொடங்கிவிடும் என்பதால் எலுமிச்சை அளவுக்கு மேல் ஒரு தடவையில் கலக்காதீர்கள். தேய்த்துச் சமப்படுத்திய இடத்தில் மறுபடி ஒரு கை பிரைமர்.

இனி பெயிண்ட்

டப்பாவைத் திறந்ததும் மேலே ஏடு கட்டியிருந்தால் கலக்கிவிடாதீர்கள். கத்தியால் ஓரமாக அறுத்து முழுதாகத் தூக்கி எடுத்துவிட்டு, பிறகு குச்சியால் அடிவரை கலக்குங்கள். சந்தேகம் இருந்தால் பழைய மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். முதல் கோட்டுக்கு, பத்துப் பங்கு பெயிண்டுக்கு ஒரு பங்குக்கு மேல் போகாமல் டர்பன்டைன் சேர்க்கலாம். எனாமலுக்கு டர்பன்டைன்தான். பாலிஷ் வேலைக்கு விற்கும் என்.சி. தின்னரை ஊற்றாதீர்கள். வாட்டர் பேஸ்டு என்றால் தண்ணீர் மட்டும்.

புதுப் பிரஷ்ஷை உள்ளங்கையில் பத்து முறை அடித்து, உதிர வேண்டிய முடியை முன்கூட்டியே உதிர்த்துவிடுங்கள். முடியின் மூன்றில் ஒரு பங்கு நனைந்தால் போதும், டப்பா ஓரத்தில் வழித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டுகளை முதலில் அடியுங்கள். கை பழகும் முன் நேரும் கோணல்மாணல் அங்கே யார் கண்ணிலும் படாது. முன்பக்கம் கடைசியில். மேலிருந்து கீழ், ஒரு முழம் அகலத்தில் ரோலரால் பரப்பி, அது ஈரமாக இருக்கும்போதே பிரஷ் நுனியால் மிக லேசாக, அழுத்தம் இல்லாமல், மேலிருந்து கீழாக ஒரே போக்கில் நீவி விடுங்கள். அதோடு அந்த இடத்தை மறந்துவிட வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து "இங்கே கொஞ்சம்" என்று தொட்டால், பாதி காய்ந்த பெயிண்ட் சுருண்டு வடுவாகிவிடும்.

முதல் கோட் எப்போதும் அசிங்கமாகத்தான் இருக்கும். அடியில் உள்ள பழைய நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து கெட்டியாக அப்பினால் பெயிண்ட் வழியும், மேலே தோல் கட்டி உள்ளே காயாமல் கிடக்கும். மெல்லிசாக இரண்டு கோட், இருண்ட நிறத்திலிருந்து வெளிர் நிறத்துக்கு மாறுகிறீர்கள் என்றால் மூன்று. கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் ஒரு இரவாவது விடுங்கள். நடுவில் 320 எண் தாளால் லேசாக ஒரு தடவல், ஈரத்துணியால் துடைப்பு, அப்புறம் அடுத்த கோட்.

கடைசிக் கோட் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் டேப்பை உரித்துவிடுங்கள். பெயிண்ட் முழுதாக இறுகிய பிறகு உரித்தால் ஓரம் பிய்ந்து வரும். கதவுகளை ஒருக்களித்தே வையுங்கள். ஒரு வாரத்துக்காவது அழுத்தி மூடக் கூடாது. புது எனாமலும் புது எனாமலும் தொட்டுக்கொண்டிருந்தால் ஒட்டிக்கொள்ளும், இழுத்துத் திறந்தால் பட்டையாக உரியும்.

சன்மைகா ஒட்டிய சாமான்

மூன்றில் இதுதான் முரட்டுப் பிள்ளை. சன்மைகா எதையும் உறிஞ்சாது. மரத்துக்கு அடிக்கும் சாதாரண வெள்ளை உட் பிரைமரை அதன் மேல் அடிப்பது கண்ணாடி மேல் அடிப்பது போலத்தான்.

முதலில் பிரிந்த ஓரங்களைச் சரிசெய்யுங்கள். ஃபெவிகால் எஸ்.ஆர். போன்ற ரப்பர் பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, தொட்டால் கையில் ஒட்டாத பதத்தில் அழுத்தினால் உடனே பிடித்துக்கொள்ளும். முன்பின் நகர்த்த முடியாது என்பதால் முதலிலேயே சரியாகப் பொருத்துங்கள். கீல் திருகுகள் லூசாகச் சுற்றிக்கொண்டிருந்தால் அந்த ஓட்டையில் ஃபெவிகால் தடவிய தீக்குச்சிகளை மருந்து நீக்கி நெருக்கமாகச் செருகி, காய்ந்ததும் வெட்டிவிட்டுத் திரும்ப முடுக்குங்கள்.

அப்புறம் 180 எண் தாளால் முழுப் பரப்பையும் தேய்க்க வேண்டும். மினுமினுப்பு ஒரு இடத்திலும் மிச்சம் இருக்கக் கூடாது. ஆனால் அழுத்தி, டிசைன் தாள் கிழியும் அளவுக்குப் போகவும் கூடாது. தூசியைத் துடைத்துவிட்டு, வழுவழுப்பான பரப்பிலும் பிடிக்கும் பிரைமர் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். லேமினேட்டுக்கு ஆகும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்க வேண்டும். "எல்லாத்துக்கும் ஆகும் சார்" என்ற வாய்வார்த்தை போதாது. இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) வகைகள் நன்றாகப் பிடிக்கும்தான், ஆனால் அதன் ஹார்டனர் மூச்சுக்குழாய்க்கு ஆகாதது. மூடிய அறையில், சாதாரணத் துணி முகக்கவசத்தோடு, அதைத் தொடவே வேண்டாம்.

முழுவதும் அடிக்கும் முன் சோதித்துவிடுங்கள். ஒரு இழுப்பறையின் அடிப்பக்கம் போல மறைவான சன்மைகா பரப்பில் பிரைமரும் பெயிண்டும் அடித்து மூன்று நாள் விடுங்கள். பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டங்கள் கீறி, செலோ டேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் கட்டங்கள் ஒட்டி வந்தால் அந்தப் பிரைமர் வேண்டாம். வராவிட்டால் தைரியமாக மேலே போகலாம். சோதனை தோற்றால் பெயிண்ட் யோசனையையே விட்டுவிட்டு, கதவு முகப்புகளுக்கு மட்டும் புது சன்மைகாவோ வினைல் ஸ்டிக்கரோ ஒட்டுவது புத்திசாலித்தனம். டிரெஸ்ஸிங் டேபிளின் மேல்பலகைக்கு நான் எப்படியும் இதையே சொல்வேன். சீப்பும் கிளிப்பும் எண்ணெய்ப் பாட்டிலும் தினமும் உரசும் இடத்தில் எந்தப் பெயிண்டும் நெடுநாள் தாங்காது.

மரக் கட்டில்

பழைய பூச்சு என்ன என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மறைவான இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வையுங்கள். பூச்சு இளகிப் பஞ்சில் ஏறினால் அது அரக்கில் செய்த பிரெஞ்ச் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. தின்னருக்கு இளகினால் அது லாக்கர் (lacquer) என்ற பளபளப்புப் பூச்சு. இரண்டின் மேலும், தேய்த்துச் சுத்தம் செய்த பிறகு, எனாமல் அடிக்கலாம். எனாமல் மேல் என்.சி. லாக்கர் அடிப்பதுதான் கூடாது. அதன் தின்னர் அடியில் உள்ள எனாமலைச் சுருக்கிக் கிளப்பிவிடும். பளபளப்புக்காகக் கடைசியில் மேலே லாக்கர் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஓட்டைகளுக்கு மரப் பட்டி, பிறகு ரேகை ஓடும் திசையிலேயே 120, அடுத்து 220. குறுக்காகத் தேய்த்த கீறல் பெயிண்டுக்கு மேலும் தெரியும். தலைமாட்டுப் பலகையில் எண்ணெய் ஊறிய இடத்துக்கும், சாயம் கசியும் மரத்துக்கும் ஒரு தந்திரம் இருக்கிறது. வெளிர் பெயிண்ட் காய்ந்த பிறகு மரத்தின் பழுப்புச் சாயம் கறையாக மேலே ஊறி வரும், வாட்டர் பேஸ்டில் இது அதிகம். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை அந்த இடங்களில் இரண்டு கை பூசிவிட்டால் கறை மேலே வராது. அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். பிறகு உட் பிரைமர், அதன் மேல் இரண்டு கோட் எனாமல். மெத்தைப் பலகைகளுக்குப் பெயிண்ட் தேவையில்லை, அடித்தால் கிறீச்சிடும்.

கைப்பிடியும் அலங்காரமும்

பித்தளைக் கைப்பிடி என்றால் மாற்றாதீர்கள். புளி கரைத்துத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து மாட்டினால் புதிதாகிவிடும். மலிவு அலுமினியக் கைப்பிடி என்றால் மாற்றலாம், ஆனால் இரண்டு திருகு ஓட்டைகளுக்கும் இடையிலான தூரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

இழுப்பறை முகப்பில் சின்ன அலங்காரம் வேண்டும் என்றால் மார்கழிக் கோலத்துக்கு விற்கும் பிளாஸ்டிக் கோல அச்சே போதும். டேப் போட்டு ஒட்டி, ஸ்பாஞ்சில் பெயிண்டைத் தொட்டுக் காகிதத்தில் ஒற்றி எடுத்து, ஏறக்குறைய உலர்ந்த ஸ்பாஞ்சால் தட்டித் தட்டி ஏற்றுங்கள். ஒரு மூலையில் ஒன்று அழகு. எல்லாக் கதவிலும் போட்டால் கல்யாண மண்டப வாசல் மாதிரி ஆகிவிடும்.

காயவிடும் நாட்கள், மிச்சம் மீதி

தொட்டால் ஒட்டவில்லை என்பதால் பெயிண்ட் இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை. எண்ணெய் எனாமல் முழுதாக இறுக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை மேலே பிளாஸ்டிக் ஷீட், செய்தித்தாள், சூட்கேஸ் எதையும் வைக்காதீர்கள், அச்சு விழும். ஈரத்துணியால் துடைப்பதும் அதன் பிறகுதான். துணிமணிகளை ஒரு வாரம் கழித்து, வாடை போய்விட்டதா என்று பார்த்து அடுக்குங்கள். பீரோவைச் சுவரோரம் திரும்ப வைக்கும்போது நான்கு கால்களுக்கும் பிளாஸ்டிக் குப்பியோ ரப்பர் மூடியோ மாட்டிவிட்டால் துடைக்கும் தண்ணீர் ஏறாது.

வேலை நடக்கும்போதும் காயும்போதும் அந்த அறையில் விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் எதுவும் கூடாது. டர்பன்டைனும் தின்னரும் சட்டென்று தீப்பிடிக்கும். நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல், வெளியே கொடியில் விரித்துக் காயவைத்து எறியுங்கள். பிரஷ் கழுவிய டர்பன்டைனைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். ஒரு பாட்டிலில் மூடி வைத்தால் ஓரிரு நாளில் பெயிண்ட் அடியில் தங்கி, மேலே தெளிந்து நிற்கும். அதை வடித்து அடுத்த பிரஷ் கழுவ வைத்துக்கொள்ளலாம். மிஞ்சிய பெயிண்டை அதன் அளவுக்கு ஏற்ற சின்ன டப்பாவுக்கு மாற்றி இறுக மூடுங்கள். உள்ளே காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு நாள் ஏடு கட்டாது. மூடியில் எந்தச் சாமானுக்கு, என்ன ஷேடு, எந்த மாதம் என்று எழுதி ஒட்டிவிடுங்கள். கட்டில் காலில் முதல் கீறல் விழும்போது தேடுவது அந்த டப்பாவைத்தான்.